ஐந்து மீட்டர் என்று எழுதியிருந்தது

"உங்க மிஷினு சொன்னா ஊரே கேக்குது. எங்க வீட்டு ஆளு சொன்னா மாடுகூடத் திரும்பிப் பாக்கல" என்றார் மதகுக்காரரின் மனைவி. என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். ஊர்க் கூட்டத்துக்குப் போகும் வழியில் நான் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கையில் பிளாஸ்டிக் வாளியும் மறு கையில் பிவிசி குழாயுமாக நின்றிருந்தேன். சொல்ல வேண்டியதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வதென்று தஞ்சாவூரில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்குத் தெளிவாகும். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

குத்தாலத்துக்குக் கிழக்கே, பூம்புகார் போகும் பக்கத்தில், ஒரு வடிகாலின் கரையில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் மேலூர் வயல்களில் தேங்கும் தண்ணீர் அந்த வடிகால் வழியாகத்தான் கீழூரைத் தாண்டிக் கடலுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு மதகு, அதில் ஒரு ஷட்டர். ஏற்றினால் மேலூர் வயல் வடியும், கீழூர் வயலில் தண்ணீர் ஏறும். ஏற்றாவிட்டால் மேலூர் முழுகும். எப்போது ஏற்றுவது என்பதில் ஒவ்வொரு ஐப்பசியிலும் சண்டை. ஒரு வருடம் மண்வெட்டிக் காம்பு வரை போயிருக்கிறது.

ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர் மேலூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். மதகுக்காரர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். மதகின் பக்கச் சுவரில் ஐந்து செங்கல் வரிக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். கோட்டுக்குக் கோடு நாற்பது சென்டிமீட்டர். மூன்றாவது கோடு முழுகினால் வயலில் பயிரின் நுனி முழுகும். அவர் கணக்கு அவ்வளவுதான். ஆனால் அவர் மேலூர்க்காரர் என்பதால் அவர் கோட்டைக் கீழூர் நம்பாது. "உன் செங்கல் உன் ஊருக்குத்தானே சாட்சி சொல்லும்" என்பார்கள்.

நான் வேலை செய்த சின்ன நிறுவனம் தஞ்சாவூரில் இருந்தது. தண்ணீர் மட்டத்தை அளந்து போனுக்கு அனுப்பும் கருவி செய்தோம். எந்த ஊருக்கும் சேராத ஒரு எண் வேண்டும் என்று இரண்டு ஊர்ச் சங்கமும் சேர்ந்து எங்களிடம் வந்தன. போனில் தொண்ணூறு சென்டிமீட்டர் வந்தால் ஷட்டரை ஏற்றுவது, அதற்கு முன்னால் யார் சொன்னாலும் ஏற்றுவதில்லை என்று இரண்டு சங்கத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மதகுக்காரரும் போட்டார். மேலூர்ப் பயிர் முழுகும் முன்பே வடிய வேண்டும், கீழூரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பேசி வந்த எண் அது.

கருவியின் உள்ளே உள்ளங்கை அளவு ஒரு பலகை. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. அந்த மாதிரிப் பலகைக்கு ஒரு குறை உண்டு. தன்னுடைய ஒயர் முனையில் எதைக் கட்டியிருக்கிறார்கள் என்பதை அதனால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்: இந்த முனையில் அழுத்த சென்சார் இருக்கிறது, அது இந்த வகை, இத்தனை மீட்டர் ஆழம் வரை அளக்கும் என்று. அந்த விவரப் பட்டியலுக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். பலகை உயிர் பெறும்போது கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைத் தனக்குள் பூட்டி வைப்பதில்லை. ஒரு அடைவாக, கோப்புகள் அடுக்கிய அலமாரி போல, விரித்துக் காட்டுகிறது. ஒவ்வொரு பாகமும் ஒரு உறை, ஒவ்வொரு விவரமும் அதற்குள் ஒரு கோப்பு. எந்த நிரலும் அதைத் திறந்து படிக்கலாம். மாற்றி எழுத மட்டும் முடியாது.

முன்பு எங்கள் நிரலுக்குள்ளேயே சென்சாரின் அளவை எழுதி வைத்திருந்தோம். பத்து இடத்தில் பத்து விதமான நிரல் ஓடியது. எது எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரே நிரல் போதும், சென்சார் எத்தனை மீட்டர் என்பதை அது கர்னல் காட்டும் அடைவிலிருந்தே படித்துக்கொள்ளட்டும் என்று சொன்னது நான். செய்ததும் நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட காரியம் அது ஒன்றுதான்.

போன பருவத்துச் சோதனைக் கருவியில் ஐந்து மீட்டர் சென்சார் இருந்தது. மேலூருக்கு வாங்கியது பத்து மீட்டர் சென்சார். அதற்கான புதிய பட்டியலை என் மடிக்கணினியில் எழுதி முடித்துவிட்டேன். மெமரி கார்டில் ஏற்றுவதுதான் பாக்கி. அது ஆயுத பூஜை வாரம்.

பூஜையன்று காலை அலுவலகத்தில் சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், மடிக்கணினிகள் எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தோம். பொரிகடலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேலூர்த் தலைவர் கூப்பிட்டார். "மழை வருதுன்னு டிவில சொல்லிட்டான்மா. ரெண்டு ஊர் ஆளும் இன்னைக்குத்தான் ஒண்ணா நிக்கிறோம். இன்னைக்கே வந்து மாட்டிடுங்க. நாளைக்கு வந்தா எவன் எங்க இருப்பான்னு எனக்கே தெரியாது."

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். எடுக்காதே என்று அலுவலகத்தில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் பெரிய பக்தி கிடையாது. ஆனால் என் அம்மா கதிர் அறுக்கப் போய் என்னைப் படிக்கவைத்தவள். அந்த ஒரு நாள் மட்டும் அரிவாளைச் சுவரோரம் சாய்த்து, பொட்டு வைத்து, யார் கூப்பிட்டாலும் தொடமாட்டாள். நான் குங்குமம் வைத்த மடிக்கணினியைப் பார்த்தேன். டிராயரைத் திறந்து, போன பருவத்துக் கார்டை எடுத்துக்கொண்டேன். நிரல் எல்லாக் கார்டிலும் ஒன்றுதானே, ஓடும், அடுத்த வாரம் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நிரலோடு பட்டியலும் அந்தக் கார்டில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

மாலை நான்கு மணிக்கு மதகில் கருவியை மாட்டினோம். சுவரோரக் குழாய்க்குள் சென்சாரை இறக்கினோம். வடிகாலில் அப்போது அரைக் கோடு தண்ணீர். மதகுக்காரர் எட்டிப் பார்த்து, "இருபது இருக்கும்மா" என்றார். என் போன் பத்து என்றது. (போனை மட்டும் யாரும் பூஜையில் வைப்பதில்லை.) சென்சார் தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் தூக்கலாக நிற்கிறது போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்து, பத்தைக் கூட்டிக் காட்டும்படி திருத்தினேன். போன் இருபது என்றது. இரண்டு ஊர்க்காரர்களும் கைதட்டினார்கள். "பாத்தியா, உன் செங்கல்லும் மிஷினும் சம்பந்தி ஆயிடுச்சு" என்று கீழூர்த் தலைவர் மதகுக்காரரின் முதுகில் தட்டினார். அவர் சிரித்தார். அன்று முதல் அவரும் அந்த எண்ணை நம்பினார்.

என் நோட்டில் அன்றைய வேலைகள் பதினான்கு. ஒன்பதாவது: கார்டு. டிக் போட்டேன். கார்டு போட்டது உண்மைதான்.

அடுத்த வாரம் திருவாரூர்ப் பக்கம் வேறு வேலை வந்தது. கார்டு மாற்றுவதை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை. எழுதாததை நான் மறந்துவிடுவேன்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் மூன்றாவது கோடு முழுகிவிட்டது என்று மதகுக்காரர் மேலூர்த் தலைவருக்குப் போன் செய்திருக்கிறார். தலைவர் தன் போனைப் பார்த்திருக்கிறார். எழுபது. "தொண்ணூறு வரட்டும்ப்பா. அவசரப்பட்டு நீ தூக்கினா கீழூர்க்காரன் என் வீட்டு வாசல்ல வந்து நிப்பான்." மறுநாளும் கூப்பிட்டிருக்கிறார். எழுபத்தைந்து. அதற்கடுத்த நாள் ஷட்டருக்கு மேலேயே அலை அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்டவர் என்பதால் அவராக ஏற்றவில்லை. ஏழாம் நாள் தண்ணீர் தானாக இறங்கத் தொடங்கியபோது மேலூரின் பள்ளத்து வயல்களில் ஒரு மாதச் சம்பாப் பயிர் அழுகி நாற்றமெடுத்தது. மதகுக்காரர் குத்தகைக்கு எடுத்திருந்த துண்டும் அதில் ஒன்று.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, வயலு முங்கிக் கிடக்கு, உன் மிஷினு எழுபதுங்குது?"

நான் தஞ்சாவூரில் என் மேஜையில் இருந்தேன். என் நோட்டைப் பார்த்தேன். பதினான்கிலும் டிக். என் மடிக்கணினியில் இருந்த பட்டியலைத் திறந்து பார்த்தேன். பத்து மீட்டர் என்று சரியாக இருந்தது. நிரலைப் பார்த்தேன். பிழை இல்லை. கருவி விடாமல் எண் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும்போது தப்பு எனக்கு வெளியேதான் இருக்க வேண்டும். "சென்சார் இருந்த இடத்துலேர்ந்து நகந்திருக்கலாங்க. யாராவது குழாயைத் தொட்டாங்களா?" என்று கேட்டேன்.

தொட்டவர் ஒருவர்தான். ஆகாயத்தாமரையும் பாசியும் அடைத்திருக்கிறது என்று மழைக்கு முன்னால் மதகுக்காரர் குழாயைச் சுத்தம் செய்திருந்தார். அன்று சாயங்காலமே ஷட்டரின் கைப்பிடியை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அது கழற்றி எடுக்கிற இரும்புத் திருகு. அது இல்லாமல் ஷட்டர் அசையாது. அவருடைய அப்பாவும் அதைத்தான் வைத்திருந்தாராம். சென்சாரை நகர்த்தி ஊரை மூழ்கடித்தவன் என்ற பேச்சு இரண்டு ஊரிலும் பரவியது. கீழூர்க்காரர்களிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டான் என்றும் சிலர் சொன்னார்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஐந்து நாள் கழித்து, மதிய உணவு நேரத்தில் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நான் மதகுல நிக்கிறவன் பேசுறேன். நீதான் நான் நகத்திட்டேன்னு சொன்னியாம்."

"நகந்திருக்கலாம்னு..."

"நகத்தல. பாசியைத்தான் வழிச்சேன். ஒயரு கட்டுன எடத்துல நீ கட்டுன மஞ்சக் கயிறு முடிச்சு மாறாம இருக்கு. வந்து பாரு. இல்ல, அங்கேருந்தே பாக்க முடியும்னா பாரு. பாக்காம சொல்லாத."

அவர் சத்தம் போடவில்லை. வைத்துவிட்டார். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மேஜைக்குப் போனேன். அங்கிருந்தே பார்க்க முடியும் என்பதுதான் உண்மை. அதற்காகத்தான் அப்படிச் செய்திருந்தேன். பலகையோடு இணைந்து, கர்னல் விரித்துக் காட்டும் அடைவுக்குள் போய், சென்சார் என்ற உறையைத் திறந்து, அளவு என்ற கோப்பைப் படித்தேன். எழுத்தாக இருக்காது, நான்கு பைட்டாக இருக்கும். 00 00 13 88. பதினாறடிமான எண் அது; நம் கணக்கில் ஐயாயிரம். ஐயாயிரம் மில்லிமீட்டர். ஐந்து மீட்டர்.

பத்து மீட்டர் சென்சாரை ஐந்து மீட்டர் என்று சொன்னால் ஒரு மீட்டர் தண்ணீர் அரை மீட்டராகத் தெரியும். அரைக் கோடு தண்ணீரில் நான் கூட்டிய பத்து அதைச் சரியாகக் காட்டியது. தண்ணீர் ஏற ஏற வித்தியாசமும் ஏறியது. நூற்று இருபது எழுபதாகத் தெரிந்தது. தொண்ணூறு வருவதற்கு நூற்று அறுபது தண்ணீர் வேண்டும். அதற்குள் மதகே முழுகிவிடும்.

கர்னல் ஒளிக்கவில்லை. தனக்குக் கொடுத்ததை அப்படியே திறந்து வைத்திருந்தது, அந்த மழை முழுவதும். ஒரு வரிக் கட்டளையில் படித்திருக்கலாம். நான் என் மடிக்கணினியில் இருந்த, அந்தப் பலகைக்குப் போய்ச் சேராத பட்டியலைப் படித்துவிட்டு ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டினேன்.

எங்கள் உரிமையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு கடிதம் கொடுத்துடலாம்மா. யார் பேரும் வேண்டாம். அவர் பேரும் வராது, உங்க பேரும் வராது."

"சார், அவர் பேர் ஏற்கனவே வந்தாச்சு. கோளாறுன்னா யாரால கோளாறுன்னு கேப்பாங்க. தொட்டவர் அவர் ஒருத்தர்தான்."

"போயிட்டு வாங்க" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்து, நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்ட் தளத்தில் கூட்டம். அறுவடை இல்லாத மாதம் என்பதால் தளம் காலியாக இருந்தது. மேலூரில் முப்பது பேர், கீழூரிலிருந்து அவர்கள் தலைவரோடு ஏழெட்டுப் பேர். மதகுக்காரர் தார்ப்பாய் மூட்டை ஓரமாக நின்றார். அவர் மனைவி பெண்களோடு உட்காராமல் அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். கூட்டத்துக்கு முன்பே மதகிலிருந்து கருவியைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தேன். மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கும் முன் மேலூர்த் தலைவரை மதகுக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். நான் போடும் இரட்டை முடிச்சுதான். "இது மாறலைங்க" என்றேன்.

ஒரு பக்கம் அடைத்த பிவிசி குழாயை நிமிர்த்தி வைத்து, சென்சாரை அடி வரை விட்டேன். அளவு பார்க்கக் கீழூர்த் தலைவரையே கூப்பிட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேப்பைக் குழாய்க்குள் விட்டார். நான் வாளியிலிருந்து ஊற்றினேன்.

"இருபது" என்றார்.

"போன்ல?"

"இருபதுதான் காட்டுது" என்றார் மேலூர்த் தலைவர். "அப்ப மிஷின் சரியாத்தானேம்மா இருக்கு?"

"இன்னும் ஊத்துறேன் இருங்க."

கீழூர்த் தலைவர் டேப்பைப் பிடித்தபடியே, "நூறு. சரியா ஒரு மீட்டரு" என்றார்.

மேலூர்த் தலைவர் போனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "அறுபது."

கீழூர்க்காரர் ஒருவர், "நம்ம பக்கம் தண்ணியே வரலியேன்னு நாம மிஷினுக்கு மாலை போடாத குறையா இருந்தோம்" என்று முணுமுணுத்தார். அவர்கள் தலைவர் திரும்பி முறைத்தார்.

சென்சாரை வெளியே இழுத்து, அதன் எஃகு உடம்பில் பொறித்திருந்ததை மேலூர்த் தலைவரைப் படிக்கச் சொன்னேன். பத்து மீட்டர் என்று இருந்தது. "இது பத்து மீட்டர்னு இதோட உடம்புலயே இருக்கு. ஐந்து மீட்டர்னு பலகைக்கு எழுதிக் கொடுத்தது நான். ஆயுத பூஜை அன்னைக்குப் பழைய கார்டை எடுத்துட்டு வந்தேன். அப்புறம் மாத்தல. இவரு சென்சாரை நகத்தல. நகந்திருக்கும்னு நான் பாக்காம சொன்னேன். மூணாவது கோடு முங்கிடுச்சுன்னு இவரு சொன்னது சரி. அன்னைக்கே ஷட்டரை ஏத்தியிருக்கணும்."

"அப்ப எங்க பயிரு?" என்று ஒரு பெண் கேட்டார். நிறுவனம் என்ன செய்யும் என்று எங்கள் உரிமையாளர் நேரில் வந்து பேசுவார் என்றேன். அழுகிய பயிர் அதனால் நிமிராது என்று எனக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது.

சரியான கார்டைப் போட்டு, நான் கூட்டியிருந்த பத்தை எடுத்துவிட்டு, மறுபடி நூறு சென்டிமீட்டர் ஊற்றினேன். போன் நூறு என்றது. யாரும் கைதட்டவில்லை.

மேலூர்த் தலைவர் எழுந்து போய்த் தன் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினார். உள்ளிருந்து இரும்புக் கைப்பிடியை எடுத்துவந்து மதகுக்காரரிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. "புடிப்பா, மழை மறுபடி வருதாம்" என்றார்.

மதகுக்காரர் கை நீட்டவில்லை. "நாளைக்கு இது ஒண்ணு சொல்லி, செவுரு ஒண்ணு சொன்னா எதைங்க கேக்குறது?"

தலைவர் கீழூர்த் தலைவரைப் பார்த்தார். கீழூர்த் தலைவர் இன்னும் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஒத்து வரலைன்னா எனக்கு ஒரு போனு போடு. நான் வந்து செவுத்தைப் பாக்குறேன். பாத்துட்டு ரெண்டு பேருமாத் தூக்குவோம்."

அதன் பிறகுதான் மதகுக்காரர் கைப்பிடியை வாங்கினார். முந்தானையால் அதைத் துடைத்துக் கொடுத்த அவர் மனைவி என்னைப் பார்த்து, "ஒரு வாரமா இவரு தெருவுல தலை நிமிந்து நடக்கல. அதுக்கும் ஒரு கார்டு வச்சிருக்கியா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவரே, "மழைக்கு முன்னாடி பஸ்ஸப் புடி" என்றார்.

நான் உடனே போகவில்லை. மதகுக்காரரோடு மதகுக்குப் போய்க் கருவியை மாட்டினேன். கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, ஒன்பதாவது வரியை அடித்துவிட்டு எழுதினேன்: சென்சார் உடம்பில் என்ன பொறித்திருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் பலகை என்ன சொல்கிறது, இரண்டையும் பார்த்து எழுதவும். டிக் கூடாது.

மதகில் இருந்தபோது மதகுக்காரர் ஒன்றுதான் கேட்டார். என் நம்பரைத் தன் போனில் பதிந்து தரச் சொன்னார். மழைக்காலம் முழுக்கக் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வருகிறது. கோடு எத்தனை என்று அவர் முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் நான் எண்ணைச் சொல்ல வேண்டும். அது அவர் வைத்த முறை. இன்று காலை, "ஒண்ணரைக் கோடு" என்றார். அறுபத்தொன்று என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்.